கரகரக்கும் தூண்டில் ரீல்: வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

போன ஆடியில் உவரிக் கரையில் கச்சான் காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்தது. தூண்டில் ராடை மணலில் ஊன்றிவிட்டு இரை எடுக்கக் குனிந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று அதைச் சாய்த்துவிட்டது. ரீல் முகங்குப்புற ஈர மணலில் கிடந்தது. தட்டிவிட்டு, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு மறுபடியும் வீசினேன். அந்த அலசுதான் தப்பு. மேலே ஒட்டியிருந்த மணலை நானே உள்ளே அனுப்பிவைத்திருக்கிறேன். வீடு வந்து கைப்பிடியைச் சுற்றினால், அம்மியில் மிளகு நுணுக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

கடையில் காட்டியதற்கு, "இத ரிப்பேர் பண்ணுத காசுக்குப் புதுசே வாங்கிரலாம் சார்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. பாளை மார்க்கெட் பக்கம் தையல் மிஷின் பழுதுபார்க்கிற அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. அவரிடம் கொண்டுபோனேன்.

"என்ன தம்பி இது, மாவு மிஷினா?"

"தூண்டில் ரீலு அண்ணாச்சி."

காதோரம் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். "இது சீக்கு இல்ல தம்பி, அழுக்கு. உள்ள பாதி மணலுல்லா கெடக்கு! நீயே கழத்து. கழத்துத வரிசைய மட்டும் விட்டுராத. விட்டுட்டு எங்கிட்ட வந்தேன்னா நான் கையெடுத்துக் கும்புட்டுருவேன்."

ரீலை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து என்னுடையதும் கூட்டாளிகளுடையதுமாகப் பல ரீல்களைப் பிரித்துவிட்டேன், அவர் சொன்ன இரண்டும் எங்கும் பொய்க்கவில்லை. செத்துப்போச்சு என்று மூலையில் போடுகிற ரீல்களில் பெரும்பாலானவை அழுக்கில் கிடப்பவை. பிரித்தவர் கையில் சாகிற ரீல்கள் எல்லாம் வரிசை தப்பியவை.

இங்கே நான் சொல்வது ஸ்பின்னிங் ரீலைப் பற்றி மட்டும். நரம்பு, அதாவது தூண்டில் இழை, சுற்றிய ஸ்பூல் முன்னால் சுழலாமல் நிற்க, அதைச் சுற்றி ரோட்டார் என்கிற தலை சுழல்கிற வகை. நம் பக்கம் ஆற்றிலும் கடலிலும் அதிகம் புழங்குவது இதுதான். ஸ்பூல் சுழலாமல் நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகிற இந்த யோசனைக்கு 1905-ல் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த் என்பவர் இங்கிலாந்தில் நூலாலைக் குடும்பத்துக்காரர். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் ஸ்பூலைக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள்.

முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ரீலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கோளாறு எங்கே என்று வெளியிலிருந்தே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

ரீலின் உடம்பிலோ பெட்டியிலோ 5.2:1 என்பதுபோல ஓர் எண் இருக்கும். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ரோட்டார் 5.2 சுற்று சுற்றும் என்று பொருள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பைய, ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். 'டக்' என்ற இடறல் ஒரு தடவை மட்டும் வந்தால் கோளாறு கைப்பிடியோடு சுற்றுகிற பெரிய பல்சக்கரமான மெயின் கியரிலோ அதன் இரு பக்கத்து பேரிங்கிலோ இருக்கிறது. ஐந்து தடவை வந்தால் ரோட்டாரைச் சுழற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில், அல்லது பினியனைத் தாங்குகிற பேரிங்கில். கணக்கே இல்லாமல் கரகரவென்று மட்டும் இருந்தால் மணலோ, காய்ந்து கெட்டியான கிரீஸோதான்.

சும்மா சுற்றும்போது சத்தமே இல்லை, பாரம் இழுக்கும்போது மட்டும் 'கிறீச்' என்று கத்துகிறது என்றால் ரீலைப் பிரிக்கவே வேண்டாம். அது லைன் ரோலர். நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றுகிற, திறந்து மூடும் வளைகம்பிக்குப் பெயில் என்று பெயர். அந்தப் பெயில் கம்பியின் ஓரத்தில், நரம்பு திரும்புகிற இடத்தில் இருக்கிற சின்ன உருளை. அதன்மேல் மார்க்கர் பேனாவில் ஒரு புள்ளி வையுங்கள். நரம்பை அதன்மேல் போட்டுக் கையால் இழுங்கள். புள்ளி சுழலவேண்டும். அசையாமல் நின்றால் நரம்பு உருளையை அறுத்துக்கொண்டிருக்கிறது, உருளை நரம்பை அறுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய மீன் மாட்டியபோது நரம்பு காரணமில்லாமல் அறுந்தது என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவேண்டும்.

கைப்பிடி பின்னோக்கி வழுக்கினால் ரோட்டாருக்கு அடியில் உள்ள ஒருவழி பேரிங். மீன் இழுக்கும்போது நரம்பு ஒரே சீராகப் போகாமல் விட்டு விட்டுப் போனால் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை உராய்வோடு விட்டுக்கொடுக்கிற பிரேக். பெயில் கம்பி சொத்தென்று விழாமல் பாதியில் நின்றால் அதன் ஸ்பிரிங்.

என்னென்ன வேண்டும்

கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், 10, 12 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர், பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சுக்குச்சி, ஊசி, பழைய வேட்டித் துணி. ஸ்க்ரூ டிரைவர் பற்றி ஒரு வார்த்தை: ஜப்பான் ரீல்களின் கூட்டல்குறித் திருகுகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தர அளவில் இருக்கும். சாதாரண நட்சத்திர முனை அதில் முழுசாக உட்காராது. இரண்டு தடவை வழுக்கினால் திருகின் தலை மொட்டையாகிவிடும். முனை ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்த பிறகே பலம் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முட்டைக்கடை அட்டை. 30 குழி. முதல் குழியில் முதலில் கழற்றியது, இரண்டாவதில் அடுத்தது என்று இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வந்த வாஷர்களைக் கலைக்காமல் ஒரு தீக்குச்சியில் கோர்த்து அதே குழியில் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் செல்போனில் ஒரு படம். படம் எடுத்தால் அட்டை எதற்கு என்று கேட்கலாம். எந்த வாஷர் என்பது படத்தில் தெரியும். அதன் எந்த முகம் மேலே இருந்தது என்பது தெரியாது.

உட்காரும் இடம் திண்ணையோ வாசலோ, காற்றோட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். கீழே வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், விழுவது கண்ணில் படும். மின்விசிறி ஓடட்டும், அடுப்பு மட்டும் பக்கத்தில் வேண்டாம். சீமெண்ணெய் வேலை இருக்கிறது.

ஸ்பூலும் டிராக்கும்

டிராக் குமிழை முழுக்கத் திருகி எடுத்தால் ஸ்பூல் கையோடு வந்துவிடும். ஸ்பூலுக்கு அடியில், நடுத்தண்டின் மேல் ஓரிரண்டு மெல்லிய வாஷர் இருக்கும். நரம்பு ஸ்பூலின் மேலேறியோ கீழிறங்கியோ குவியாமல் உயரத்தைச் சரிபார்ப்பவை அவை. ஸ்பூலின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, எங்கேயாவது விழுந்துவிடும். அவற்றுக்கு ஒரு குழி.

ஸ்பூலின் முன்வாய்க்குள் பார்த்தால் வளைந்த கம்பி ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஊசியால் ஒரு முனையை நெம்பினால் எகிறும், அதனால் கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டே செய்யுங்கள். அதற்குள்ளே டிராக் அடுக்கு. உலோகத் தகடு, மெத்தை வாஷர், மறுபடி உலோகத் தகடு என்று மாறி மாறி வரும். உலோகத் தகடுகளில் சிலவற்றுக்கு வெளியே காது இருக்கும், அவை ஸ்பூலோடு சுற்றும். சிலவற்றுக்கு நடுவில் துளை வட்டமாக இல்லாமல் பட்டையாக இருக்கும், அவை தண்டோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உராய்வைக் கொடுப்பதுதான் மெத்தை வாஷர். வரிசை மாறி ஒரே ஜாதித் தகடு இரண்டு பக்கத்தில் வந்துவிட்டால் அந்த மெத்தைக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

மெத்தை வாஷர் கம்பளி மாதிரி இருந்தால் ஃபெல்ட். கறுப்பாகப் பாய் முடைந்ததுபோல் இருந்தால் கார்பன். ஃபெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்து காயவைத்து, டிராக் கிரீஸ் என்று தனியாக விற்பதை இரண்டு பக்கமும் தடவி ஊறவிடவேண்டும். நசுங்கி, முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கார்பனைத் துடைத்து, அதே கிரீஸை லேசாகப் பூசலாம், அல்லது உலர்வாகவே விடலாம். இந்த இடத்தில் சைக்கிள் கடைக் கிரீஸைப் போடாதீர்கள். சூட்டில் இளகி, மீன் ஓடும்போது நரம்பு குலுங்கிக் குலுங்கிப் போகும்.

லைன் ரோலர்

இந்த ஒரு திருகைக் கழற்றுவதுதான் ரீல் வேலையிலேயே அதிகப் பலன் தருவது. கடையில் பிரிக்காமல் விட்டுவிடுகிற இடமும் இதுதான். பெயில் கம்பி ரோட்டாரின் கையோடு சேருகிற இடத்தில் ஒரு திருகு. உப்பில் இறுகியிருந்தால் ஒரு சொட்டு சீமெண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். கழன்றதும் உருளை, அதற்குள் சின்ன பேரிங் அல்லது பிளாஸ்டிக் புஷ், இரண்டு பக்கமும் நெல் உமி கனத்தில் வாஷர்கள் வரும். நான்கைந்து சாமான்தான், ஆனால் இதை ஒரு பாலிதீன் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள்.

பேரிங் உப்பில் சிவந்து, சுற்றினால் கரகரத்தால் மாற்றிவிடுவது நல்லது. பேரிங் கடையில் ரீல் கம்பெனிப் பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து சொல்லவேண்டும். 7×11×3 என்றால் உள்ளே 7, வெளியே 11, அகலம் 3 மி.மீ. கடல் ரீலுக்கு ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள்.

பெயில் ஸ்பிரிங் இதற்கு எதிர்ப்பக்கத்துக் கையிலோ இதே கையிலோ ஒரு மூடிக்குள் இருக்கும். நன்றாக வேலை செய்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஒடிந்திருந்தால் மட்டும் திறங்கள். அப்போதும் பாலிதீன் பைக்குள்.

ரோட்டார்

முதலில் கைப்பிடி. மறுபக்கத்தில் மூடி இருந்தால் அதைக் கழற்ற, கைப்பிடியின் நீளத்தண்டு உருவிக்கொண்டு வரும். மூடி இல்லாமல் நேரடியாக மரை போட்ட கைப்பிடி என்றால் விதி ஒன்றுதான்: நரம்பு சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். இடப்பக்கம் மாட்டியிருந்தால் அது தலைகீழ் மரையாக இருக்கும். வழக்கமான திசை என்று நினைத்து இறுக்கி மரையை நாசம் பண்ணியவர்கள் உண்டு.

ரோட்டார் நடுவில் உள்ள நட்டைச் சுற்றி ஒரு சின்னத் தகடும் திருகும் பூட்டாக நிற்கும். பூட்டை எடுத்த பிறகே நட்டு. நட்டு பெரும்பாலும் வழக்கமான மரைதான், சில மாடல்களில் மட்டும் தலைகீழ். லேசாக இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து இளகுகிற திசையில் போங்கள். ரோட்டார் மேலே வந்துவிடும்.

அடியில் தெரிகிற வட்டமான டப்பாதான் ஒருவழி பேரிங். உள்ளே குட்டி குட்டி உருளைகளும் மயிர்கனத்து ஸ்பிரிங்குகளும். இதைப் பிரிக்காதீர்கள். நடுவில் உள்ள குழாயை உருவும்போதே உருளைகள் உதிரப் பார்க்கும், அதனால் படுக்கைவசமாக வைத்து உருவுங்கள். டப்பாவை முழுசாகச் சீமெண்ணெயில் அலசி, துணியில் தட்டி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கைப்பிடி பின்னால் வழுக்குகிறது என்று என்னிடம் வந்த ரீல்களில் பலவற்றில் யாரோ அக்கறையோடு இங்கே கிரீஸ் அப்பியிருந்தார்கள். கிரீஸில் உருளைகள் ஒட்டிக்கொண்டு பிடி கொடுக்காது. அலசினால் சரியாகிவிடும்.

வயிற்றைத் திறப்பது

பக்கத் தகட்டுக்கு மூன்று நான்கு திருகுகள். எல்லாவற்றையும் எடுத்தும் தகடு அசையவில்லை என்றால் நெம்பாதீர்கள். இன்னொரு திருகு பின்பக்கத்து மூடிக்குள்ளோ, ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கிறது. திருகுகள் ஒரே நீளம் அல்ல, எந்த ஓட்டையில் இருந்ததோ அதே ஓட்டைக்குத்தான் திரும்பப் போகவேண்டும். வேறொரு தட்டை அட்டையில் ரீலின் படத்தைப் பேனாவால் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவைத்துவிடுவேன்.

தகட்டை எடுக்கும்போது அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். பேரிங்கும், காகிதக் கனத்தில் ஒரு ஷிம் வாஷரும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். என் முதல் ரீலில் அதை நான் பார்க்கவில்லை. எல்லாம் மாட்டி முடித்துவிட்டுச் சுற்றினால் கைப்பிடி கடகடவென்று ஆடுகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிவரை டார்ச் அடித்துத் தேடினேன். மறுநாள் காலையில் வாசல் பெருக்கிய வீட்டுக்காரி கொண்டுவந்து நீட்டினாள்: "ஏங்க, இது யாரு கம்மல் திருகாணி?"

அந்த ஷிம்தான் மெயின் கியரும் பினியனும் எவ்வளவு நெருங்கிக் கடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 0.1 மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ கையில் தெரியும்.

மெயின் கியரைத் தூக்குங்கள். அடுத்து, ஸ்பூலை மேலும் கீழும் கொண்டுபோகிற சறுக்குக்கட்டை. அது நடுத்தண்டோடு ஒரு சின்னத் திருகில் கட்டியிருக்கும். திருகை எடுத்தால் தண்டு முன்பக்கமாக உருவி வரும். தண்டு வந்த பிறகுதான் பினியனும் அதன் பேரிங்கும் வெளியே வரும். அவ்வளவுதான், உள்ளே வேறொன்றும் இல்லை.

அழுக்கைப் படியுங்கள்

துடைப்பதற்கு முன்னால் பழைய கிரீஸைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் இழுகிப் பாருங்கள். சாம்பல் கறுப்பாக இருந்தால் மெயின் கியர் கொஞ்சம் தேய்கிறது, வழக்கம்தான். மஞ்சளாக மினுக்கினால் அது பித்தளைத் தூள், பினியன் தேய்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

என் ரீலில் இழுகிய இடத்தில் கறுப்பும் சிவப்பும் புள்ளிகள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணிக்கு அடியில் கொண்டுபோனேன். கறுப்புப் பொடி மயிர்க்கூச்செறிந்ததுபோல் எழுந்து நின்றது. சிவப்பு அசையவில்லை. உவரி, கூடுதாழை, கூத்தன்குழி வரிசையில் கரை மணலைக் கையில் அள்ளினால் இந்த இரண்டு நிறமும் தெரியும். கறுப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட். கார்னெட் சாதாரண மணல் அல்ல, உப்புத்தாள் செய்யவும் உலோகத்தை அறுக்கவும் பயன்படுத்துகிற கல். அதைப் பல்சக்கரத்துக்கு நடுவில் போட்டுச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு தேய்ப்புதான். உப்பு ஒரு ரீலைக் கெடுக்க மாதக்கணக்கு ஆகும். இந்த மணலுக்கு ஒரு சாயங்காலம் போதும். அதனால்தான் நம் கரையில் ரீல் மணலில் விழுந்தால் அந்த இடத்திலேயே சுற்றுவதை நிறுத்தவேண்டும் என்கிறேன்.

ஆற்று ரீலுக்கு இந்தக் கவலை இல்லை. தாமிரபரணியிலோ குளத்திலோ விரால், சிலேபிக்கு வீசுகிற ரீலுக்கு வருஷம் ஒரு தடவை பிரித்துத் துடைத்தால் போதும். பாசியும் வண்டலும்தான் அங்கே அழுக்கு. போகிற போக்கில் ஒன்று: காரையாறு, சேர்வலாறு அணைகள் முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை, அங்கே தூண்டிலைக் கொண்டுபோய் வம்பில் மாட்டாதீர்கள்.

கழுவுவது

உலோகச் சாமான்கள் எல்லாம் சீமெண்ணெயில். ஒரு டப்பாவில் ஊற்றி, பல்லிடுக்குகளை டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இப்போதெல்லாம் சீமெண்ணெய் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை, பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் வைத்து நேரம் எடுத்துச் செய்தாலும் கிரீஸ் போய்விடும். பிளாஸ்டிக் சாமானையும் ரப்பர் வளையங்களையும் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

பித்தளைப் பினியனில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் நம் வீட்டு வைத்தியமே போதும். குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி ஊறவைத்த புளியைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, இரண்டு நிமிஷத்தில் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ஆனால் புளியைப் பித்தளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெயின் கியர் பல ரீல்களில் துத்தநாகக் கலவை, சிலவற்றில் அலுமினியம். புளிப்பு பட்டால் அரித்துவிடும்.

பேரிங்கின் பக்கவாட்டு மூடியைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை ஊசியால் எடுத்தால் உள்ளே குண்டுகள் தெரியும். சீமெண்ணெயில் போட்டு ஆட்டி, துணியில் ஒற்றி, விரலில் மாட்டிச் சுண்டுங்கள். கரகரப்பு போகும்வரை இரண்டு மூன்று முறை. போகவே இல்லை என்றால் புதுசு. எல்லாவற்றையும் நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு கிரீஸ் போட்டால் துருவை உள்ளே வைத்துத் தைத்த கதை.

எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ்

வேகமாகச் சுழல்வதற்கு எண்ணெய். அழுத்திக் கடிப்பதற்கு கிரீஸ். லைன் ரோலர், பேரிங்குகள், கைப்பிடிக் குமிழ், பெயிலின் மூட்டுகள் எல்லாம் எண்ணெய்க்காரர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. தையல் மிஷின் எண்ணெயே தாராளம். மெயின் கியர், பினியன் பற்கள், சறுக்குக்கட்டை, நடுத்தண்டு, திருகுகளின் மரை எல்லாம் கிரீஸ்காரர்கள். லித்தியம் கிரீஸ் போதும். கடல் ரீலுக்குப் படகு எஞ்சின்களுக்குப் போடுகிற மெரைன் கிரீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, உப்புத்தண்ணீரில் கரைந்து போகாது. பற்களின்மேல் பிரஷ்ஷால் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற கனத்தில் பூசினால் சரி. உள்ளே முழுக்க அடைத்தால் ரீல் கனக்கும், விழுகிற மணலையெல்லாம் பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும், மார்கழி விடியற்காலையில் ரீல் இறுகும். நாளானால் பிசினாகவும் மாறும். டபிள்யூ.டி.-40 என்ற ஸ்பிரேயைத் தெளித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. அதன் பெயரே தண்ணீரை விரட்டுவது என்பதைக் குறிக்கும் எழுத்துகள்தான். இறுகிய திருகை இளக்க நல்லது, மசகுக்கு அல்ல.

மாட்டுவது

அட்டையின் கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பினியன், தண்டு, சறுக்குக்கட்டை, மெயின் கியர், ஷிம், பக்கத் தகடு. திருகுகள் பெரும்பாலும் மென்மையான உடம்பில் ஏறுகிறவை. அதனால் ஒவ்வொன்றையும் முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் இறங்குவது கையில் தெரியும். அங்கிருந்து முன்னோக்கி. ஒரே திருகை முழுக்க இறுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ரோட்டாரைப் போடும் முன்னால் கைப்பிடியை மட்டும் மாட்டி ஒரு சுற்று பாருங்கள். இறுக்கமாக உறுமினால் ஷிம் அதிகம். கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடவென்றால் ஷிம் குறைவு. இருந்ததையே திரும்பப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை பொதுவாக வராது. கியர் நிறையத் தேய்ந்த பழைய ரீலில் மட்டும் 0.1 மி.மீ. ஷிம் ஒன்று கூடுதலாகப் போட்டால் சில மாதம் ஓடும். பற்களின் முனை கூர்ந்து கத்தி மாதிரி ஆகியிருந்தால் எந்த ஷிம்மும் உதவாது. கியரும் பினியனும் ஜோடியாக மாற்றவேண்டும். பெட்டியோடு வந்த படத் தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் எண் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதவர்கள் புண்ணியவான்கள்.

பிறகு ஒருவழி பேரிங், ரோட்டார், நட்டு, பூட்டு, ஸ்பூல், டிராக். பெயிலை இருபது தடவை திறந்து மூடுங்கள். நரம்பின் நுனியைக் காய்கறிக் கடைக் கைத்தராசின் கொக்கியில் கட்டி, ராடோடு சேர்த்து இழுத்து டிராக்கை வையுங்கள். நரம்பின் பலத்தில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை: 8 கிலோ நரம்பு என்றால் 2 முதல் 2.6 கிலோவில் வழுக்கவேண்டும். குலுங்காமல், தண்ணீர் ஒழுகுகிற மாதிரிப் போகிறதா என்று பாருங்கள். எத்தனை பேர் சும்மா கையால் இழுத்துப் பார்த்துவிட்டுப் பாறை மீனிடம் நரம்பைப் பறிகொடுக்கிறார்கள்!

கரையிலிருந்து வந்த ராத்திரி

இவ்வளவையும் அடிக்கடி செய்யவேண்டியதில்லை, வீடு வந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கினால். டிராக் குமிழை நன்றாக இறுக்குங்கள், தண்ணீர் டிராக்குக்குள் போகாது. ரீலை வாளியில் முக்காதீர்கள், குழாயைத் திறந்து பீய்ச்சவும் வேண்டாம். வேகமான தண்ணீர் வெளியே இருக்கிற உப்பையும் மணலையும் உள்ளே தள்ளும். சொம்பில் நல்ல தண்ணீரைச் சாய்வாக ஊற்றுங்கள், அல்லது ஈரத்துணியால் துடைத்தாலும் போதும். உதறி, நிழலில் காயவைத்து, லைன் ரோலருக்கு ஒரு சொட்டு. கடைசியில் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே மாதக்கணக்கில் வைத்தால் மெத்தை வாஷர் நசுங்கி, கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஆனி, ஆடியில் கச்சான் மணலை அள்ளி வீசுகிற நாட்களில் நான் இப்போது ராடை மணலில் ஊன்றுவதில்லை. மூன்றடி பி.வி.சி. குழாய் ஒன்றை ஆழமாக இறக்கி, அதற்குள் நிறுத்துகிறேன். ரீலுக்குமேல் ஒரு பழைய காலுறை.